கன்னி மூலைக் கால்

கான்கிரீட் காய்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. வீடு கட்டியவர், கட்டாதவர், வாடகைக்கு இருப்பவர் என்று எல்லாருமாகச் சேர்ந்து காப்பாற்றி வரும் இந்த நம்பிக்கையைத் தீர்த்துவிட்டுத்தான் மேலே போக முடியும். கான்கிரீட் காய்வதில்லை. துணி காயும், கருவாடு காயும், வயிறு காயும். கான்கிரீட் இறுகும். காய்வது என்றால் தண்ணீரை இழப்பது. இறுகுவது என்றால் தண்ணீரைத் தனக்குள் வாங்கி, அதோடு வினைபுரிந்து, இனி ஒருவராலும் பிரிக்க முடியாதபடி வேறொன்றாகிவிடுவது. ஆற்றின் நடுவே பாலத்துக்குத் தூண் நிறுத்துகிறார்களே, தண்ணீருக்கடியில் அதை எந்த வெயில் போய்க் காயவைத்தது? இந்த வாதத்தை வெள்ளியங்கிரி வாத்தியார், உடுமலைக்குப் பக்கத்தில் தம் மனைவி மயிலாத்தாளின் தென்னந்தோப்பில் நின்று, அன்று காலைதான் மேஸ்திரி அங்கப்பனுக்கு விளக்கிச் சொல்லியிருந்தார். முப்பத்துச் சொச்சம் வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர் அவர். ஓய்வு பெற்றது சம்பளம்தான், வாய் அல்ல. அந்த வாய்க்குத் தண்டனையாகத்தான் இப்போது, கன்னி மூலை என்று ஊரார் சொல்லும் தென்மேற்கு மூலையில், இடுப்பளவுக் குழியில் நட்டுக் கலவை ஊற்றிய இரும்புத் தூண் ஒன்றை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நிற்கிறார்.

நடந்தது இதுதான். மயிலாத்தாளுக்குக் கொப்பரை உலர்த்த ஒரு செட் வேண்டும். ஆறு கால், மேலே தகரம், கீழே கான்கிரீட் தளம். வெயிலில் உடைத்துப் போட்ட தேங்காயை, மேகம் கறுத்ததும் உள்ளே வாரிப் போட்டுக்கொள்ளலாம். போன மழையில் கொப்பரை முழுக்கக் கறுப்புப் பூஞ்சை பிடித்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். தளம் சமமாக இருக்கக் கூடாது, கிழக்கே ஒரு விரற்கடை வாட்டம் வேண்டும், அப்போதுதான் கழுவிவிட்ட தண்ணீர் நிற்காது என்பதுவரை அவள்தான் சொன்னாள். ஆடி பிறந்தால் கால் நட மாட்டார்கள். ஆனியின் கடைசி முகூர்த்தம் இன்றைக்கு. அந்த நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்ததும் அவள்தான், கோயமுத்தூரில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மகள் சுடர்க்கொடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு. சிமென்டும் ஜல்லியும் ஏற்றி வந்த டெம்போவில் முட்டுக் கொடுக்கச் சவுக்குக் கம்பங்கள் வரவில்லை. "முட்டு வரட்டும், அப்புறம் நடலாம்" என்றார் வாத்தியார். "அதுக்குள்ள ராகு காலம் வந்துருமுங்க. நேரம் தப்புச்சுதுன்னா தோப்புப் பக்கமே தலை காட்டாதேன்னு அம்மா சொல்லிப்போட்டாங்க" என்றான் அங்கப்பன். "இந்தக் காத்துல முட்டில்லாம எப்புடிப்பா நிக்கும்?" "நீங்க எதுக்கு இருக்கறீங்க? காயறதில்ல, இறுகறதுன்னு காலையில இருந்து சொல்றீங்கல்ல, இறுகற வரைக்கும் புடிச்சுக்குங்க. மொதக் காலு சொந்தக்காரங்க கையில இறுகுனா நல்லதுங்க." டெம்போக்காரன் மறுபக்கம் திரும்பிச் சிரித்தான். "கைய மட்டும் எடுத்துப்போடாதீங்க வாத்தியாரே. ஆடுச்சுன்னா அடியில விட்டுப்போகும். பொறகு ஒடைச்சுத்தான் எடுக்கோணும். நான் முட்ட ஏத்திட்டு இந்தா வந்தர்றேன்." டெம்போ புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. இந்தா வந்தர்றேன் என்பது காலத்தைக் குறிக்கும் சொல் அன்று, ஆறுதலைக் குறிக்கும் சொல் என்பது டெம்போவின் சத்தம் அடங்கிய பிறகுதான் வாத்தியாருக்குத் தோன்றியது.

முதலில் கண்ணுக்காவது ஒரு வேலை இருந்தது. தூணில் சணலால் அங்கப்பன் கட்டிவிட்டுப் போன ரசமட்டம் மூக்குக்கு நேரே இருக்கிறது. கண்ணாடிக் குழலில் பச்சை நீர், நீரில் ஒரு குமிழி, குமிழிக்கு இரு புறமும் கறுப்புக் கோடு. ரசமட்டத்தில் ரசமெல்லாம் கிடையாது, சாயம் கலந்த சாராய வகைதான் என்று காலையில் இதையும் சொன்னோமே, அப்போதே அங்கப்பன் டெம்போக்காரனைப் பார்த்த பார்வை சரியில்லை, ஒருவேளை முட்டு வராததே நாடகமோ, தொந்தரவு பிடித்த கிழவனை ஒரு கம்பத்தில் கட்டிப்போட இதைவிட நாகரிகமான வழி உண்டா, கயிறுகூட வேண்டாம், ஒரு சாஸ்திரம் போதும். சரி, விளையாட்டாகவே இருக்கட்டும், கையை எடுத்துப் பார்த்துவிடலாமா. மேற்கே கணவாய் வழியாகப் புகுந்து வரும் காற்று அந்த யோசனையைக் கேட்டதுபோல ஒரு தள்ளு தள்ளியது. குமிழி கறுப்புக் கோட்டைத் தொட்டது. வாத்தியார் தோளைக் கொடுத்து அழுத்தினார். குமிழி மனமில்லாமல் நடுவுக்கு வந்தது. விளையாட்டில்லை. தோப்பு முழுக்க மட்டைகள் கிழக்கே வாரிவிட்ட தலைமுடி மாதிரி கிடக்கின்றன. இரும்புக்குள் காற்று புகுந்து ஊதுகிறது, அது காதில் கேட்கவில்லை, உள்ளங்கையில் கேட்கிறது. சூட்டுக்குத் துண்டைச் சுற்றியிருந்தார். துண்டு நழுவிய இடத்தில் மணிக்கட்டு சுட்டது. கெண்டைக்காலில் ஏதோ ஊர்கிறது. எறும்பாக இருக்கலாம், வியர்வையாக இருக்கலாம், குனிந்து பார்த்தால்தான் தெரியும், குனிய முடியாது, ஆகவே அது இரண்டுமாக இருந்துகொண்டு மேலே ஏறுகிறது. சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவில் அழுந்திக்கொண்டு, இன்னும் அடிக்காமல் இருக்கிறது. இன்றைக்குத்தான் சொல்வார்கள். மயிலாவின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்கில் என்ன இருக்கிறது என்று, அங்கே ஒரு மேஜைக்கு அந்தப்புறமிருந்து இன்றைக்குச் சொல்வார்கள். நேற்று ராத்திரி போனில் அவள் சொன்னது: "அவங்க எனக்குச் சொல்றப்ப, அங்க நம்ம மண்ணுல ஒண்ணு நட்டு நிக்கட்டுங்க." அவர் அதற்கு, தூணுக்கும் திசுவுக்கும் தொடர்பில்லை என்று சொல்லவில்லை. வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அதுவரை நல்லது. தை மாதத்தில் மட்டும் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால். இல்லை, தையைப் பற்றி இப்போது வேண்டாம், குமிழியைப் பார்.

அவர் அங்கே இருந்திருக்க வேண்டும். இருக்கக் கூடாது என்று சொன்னது மயிலாதான், அதிலும் நியாயம் இருந்தது. ஊசியால் துணுக்கு எடுத்த அன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றார். டாக்டர் சின்னப் பெண், சுடரைவிட இளையவள், எடுத்த துணுக்கைக் குப்பியில் போட்டபடி, பயந்துபோயிருந்த மயிலாவிடம் பேச்சுக் கொடுக்கிற மாதிரி, "இந்த ஆசிட்ல போட்டு வெச்சா கெடாதுங்கம்மா" என்றது. அது ஆசிட் இல்லைம்மா, ஃபார்மலின், ஆல்டிஹைடு வகை, தண்ணீரில் கரைத்திருப்பார்கள் என்று அவர் ஆரம்பித்தார். ஆரம்பித்ததை முடிக்காமல் விடுவது அவருக்குப் பழக்கமில்லை. அந்தப் பெண் கையில் குப்பியோடு கேட்டுக்கொண்டிருந்தது. மயிலா மல்லாந்து படுத்து, பாதி மூடிய மாராப்போடு, கூரையில் ஓடும் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "அடுத்த தடவை நீங்க வர வேண்டாம்" என்றாள். "ஏன்?" "நீங்க வந்தா அவங்களுக்குப் பாடம் எடுப்பீங்க. எனக்கு என்னாச்சுன்னு கேக்க ஆளில்லாமப் போயிரும்." கோபமில்லாமல் சொன்னாள், சாம்பாருக்கு உப்புப் போதும் என்று சொல்கிற குரலில். அதனால்தான் இங்கே நிற்கிறார். அங்கே நிற்க வேண்டிய ஆள் இங்கே நிற்கிறார், இங்கே நிற்க வேண்டிய சவுக்குக் கம்பம் எங்கேயோ கிடக்கிறது. ஆளுக்குப் பதில் கம்பம், கம்பத்துக்குப் பதில் ஆள். குழிக்குள் கலவை மேலே சாம்பல் நிறமாக மங்கிவிட்டது, காய்ந்துவிட்டதுபோலத்தான் தெரிகிறது, உலகம் ஏமாறுவதில் ஆச்சரியமில்லை. உள்ளே சூடு கிளம்பியிருக்கும். மாறிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நிமிஷமும் திருத்த முடியாததாக ஆகிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் தள்ளி, தென்னை நிழலில் சித்தாள் ராசாமணி கலவைச் சட்டியைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கப்பன் இவளை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தான். "மூக்கு அரிக்குதுங்களா? அப்பவே புடிச்சு மூஞ்சியக் கோணறீங்க" என்றாள். "மூக்கு இல்லை அம்மிணி, காலு. ஏதோ ஊர்றாப்புல இருக்குது." அவள் எட்டிப் பார்த்தாள். "கட்டெறும்பு ஒண்ணுதானுங்க. கடிச்சாத் தெரியுமுங்க." "நீ வந்து இதைச் சித்தப் புடிக்கறயா? தட்டிவிட்டுட்டு மறுபடி புடிச்சுக்கறேன்." ராசாமணி நாரைக் கீழே வைத்தாள், ஆனால் எழவில்லை. "மொதக் காலுங்க. நான் தொடப்படாதுங்க. எனக்கு அவரு போயி நாளாச்சுங்களே" என்றாள், விறகு நனைந்திருக்கிறது என்கிற மாதிரி. வாத்தியாருக்கு இந்த இடத்தில் சொல்ல வேண்டியது எல்லாம் மனப்பாடம். பள்ளி ஆண்டு விழாவில், நூலகத் திறப்பில், தங்கை மகன் கல்யாணத்தில், தாலி இல்லாத பெண்களை முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லி மைக்கைப் பிடித்து அவர் பேசாத பேச்சில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கை மேல் வழக்குப் போடுகிற ஊரய்யா இது என்பார், கை தட்டுவார்கள். இப்போது வாயைத் திறந்தார். அதெல்லாம் மூடநம்பிக்கை, நீ வா என்று நாலு சொல், அவ்வளவுதான். திறந்த வாய்க்குள் காற்று போனது. "சரி, இருக்கட்டும்" என்றார். எறும்பு முழங்காலுக்கு வந்துவிட்டது. ராசாமணி மறுபடியும் நாரை எடுத்தாள். அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை, நினைத்துக்கொள்ளாததுதான் தாங்கவில்லை, இன்றைக்கு ஒருநாள் மட்டும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது, நாளைக்கு வா, நாளைக்கு அஞ்சு கால் நடுவோம், அஞ்சையும் நீயே பிடி, இன்றைக்கு மட்டும், மயிலாவுக்குச் சொல்கிற நேரத்தில் மட்டும், எதையும் சீண்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. ஊரிலுள்ள ஒவ்வொருவரும் இப்படித்தான் இன்றைக்கு மட்டும் என்று ஆரம்பித்திருப்பார்கள்.

அப்போதுதான் பள்ளிக்கூட மணி அடித்தது. சட்டைப் பைக்குள். சுடர்தான் அந்தச் சத்தத்தை அவருடைய போனில் வைத்துவிட்டிருந்தாள், ஓய்வு பெற்ற வருஷம், கேலிக்கு. நெஞ்செலும்பில் அது அதிர்ந்தது. வலது கை தானாகப் பிரிந்தது. பிரிந்த அந்த நொடியில் காற்று. குமிழி கோட்டைத் தாண்டியது. கை திரும்பிப் பாய்ந்து பிடித்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாராக இருக்கும். கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கலாம், அந்தப் பெண் தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுகிறது. சுடராக இருக்கலாம். சுடர் என்றால் நல்ல சேதி, நல்ல சேதியைத்தான் உடனே சொல்வார்கள். இல்லை, கெட்டதையும் உடனேதான் சொல்வார்கள், இழுத்து நிதானமாகச் சொல்வது இரண்டுங்கெட்டானைத்தான். மணி நின்றது. குமிழியைப் பார்த்தார். நடுவில் இருந்தது. நடுவில் இருக்கிறவரைக்கும் ஒன்றுமில்லை. இந்த வாக்கியத்தைத் தாம்தான் நினைத்தோமா என்று திகைத்தார், ஆனால் அதற்குள் அது உள்ளே போய் இறுகிவிட்டது. கை எடுத்தால் தூண் சாயும், தூண் சாய்ந்தால் அங்கே அது கெட்டதாகிவிடும். எடுக்காவிட்டால் தெரியாது, தெரியாதவரை கெட்டதில்லை, ஆகவே பிடித்துக்கொண்டே இருக்கலாம், ராகு காலம் தாண்டி, ஆடி தாண்டி, ஒருவரும் ஒன்றும் சொல்லிவிடாதபடி பிடித்துக்கொண்டே இருக்கலாம். துணுக்கில் இருப்பது என்றைக்கோ இருந்தாயிற்று, இன்றைக்கு அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள், அவ்வளவே, என்று அவருக்குள்ளிருந்த வாத்தியார் சொன்னார். யாரும் கேட்கவில்லை. வகுப்பு காலியாக இருந்தது.

ஆகவே தை. இனித் தள்ளிவைக்க இடமில்லை. பொங்கல் கழிந்து கரிநாள் அன்று, மயிலா குளித்துவிட்டு ஈரத் தலையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "ஏனுங்க, இங்க ஒரு கட்டியாட்டம் இருக்குது. வலியில்ல. எங்க சின்னத்தைக்கு இப்புடித்தான் வந்து போயிச் சேர்ந்தாங்க. போயிக் காட்டலாமுங்களா?" அவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். தாழ்த்திய தாளின் மடிப்புவரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கட்டி என்றாலே அதுதான் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது என்றார். பத்தில் ஒன்பது கட்டி ஒரு தீங்கும் இல்லாதது என்றார். வயது, சுரப்பு, கொழுப்பு என்று வரிசையாகச் சொன்னார். நன்றாகச் சொன்னார், தெளிவாக, உதாரணத்தோடு, அன்போடும்தான். அவள் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னாச் சரி" என்று தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போனாள். மாசி போயிற்று, பங்குனி போயிற்று. அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டவளுக்குப் பதில் கிடைத்துவிட்டதே. வைகாசியில் துணி மடிக்கும்போது கையைத் தூக்க முடியாமல் முகம் சுளித்ததைச் சுடர் பார்த்துவிட்டாள். பத்தில் ஒன்பது. அது பொய்யில்லை, தப்புமில்லை, இன்றைக்குக் கேட்டாலும் யாரும் அதைத்தான் சொல்வார்கள், பத்தில் ஒன்பது. ஆனால் அவள் பத்துப் பேராக வந்து நிற்கவில்லை. ஈரத் தலையோடு ஒருத்தியாக வந்து நின்றாள். பத்தில் ஒன்பது, பத்தில் ஒன்பது என்று காற்று இரும்பில் ஊதியது. தோள்பட்டையில் வலி இருந்த இடத்தில் இப்போது மரத்துப்போன ஒரு கட்டை இருந்தது. கைகள் தம்முடையவையா தூணுடையவையா என்று தெரியவில்லை. கலவைக்குள் தாமே இறங்கி முழங்கால்வரை நட்டுக்கொண்டுவிட்டதுபோல இருந்தது. எறும்பு தொடையில் கடித்தது. கடிக்கட்டும் என்று விட்டார். யாராவது கடிக்க வேண்டியதுதானே.

மறுபடியும் மணி. இந்தத் தடவை அவர் கை அசையவில்லை. குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு, மூன்று என்று அதிர்வு நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது. சட்டி கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. ராசாமணி பக்கத்தில் வந்து நின்றாள், சேலையில் இரண்டு கையையும் துடைத்தாள், அவர் கைகளுக்கு மேலே, தூணில், ஈரமான இரண்டு கைகளை வைத்தாள். "அம்மாவாத்தான் இருக்குமுங்க. உடுங்க. பேசுங்க" என்றாள். "ராசாமணி, நீதான் தொடக் கூடாதுன்னு..." "அது மேஸ்திரி இருந்தா. உடுங்க வாத்தியாரே, மணி நின்னுரும்." அவர் விட்டார். விரல்கள் நிமிர மறுத்தன. போனைத் தாடையாலும் தோளாலும் இடுக்கிக்கொண்டார்.

சுடரை எதிர்பார்த்திருந்தார். மயிலாவின் குரல். "சாப்பிட்டீங்களா?" என்றது.

"இன்னும் இல்ல. காலைப் புடிச்சிட்டு நின்னேன்."

"யாரு காலை?" சிரித்தாள். பின்னால் யாரோ யாருடைய பெயரையோ கூப்பிட்டார்கள். "அதுதானாமுங்க" என்றாள்.

அவர் போனைத் தாடையால் இன்னும் அழுத்திக்கொண்டார்.

"அறுத்து எடுத்துப்போடலாமாம். அப்புறம் மருந்து ஏத்துவாங்களாம். ஆடி கழியட்டுமே கண்ணுன்னேன். நீங்க பாடம் எடுத்தீங்கல்ல, அந்தப் புள்ளதான், இந்தக் கட்டிக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாதுங்கம்மா, அடுத்த வாரம் வாங்கன்னுது. நல்ல புள்ள. ஏனுங்க, இருக்கறீங்களா?"

"இருக்கறேன்."

"பேச்சையே காணமே."

"முன்னாலயே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். "முன்னாலயே வந்திருந்தா எப்படின்னு கேட்டியா மயிலா?"

"கேக்கல" என்றாள். "கேட்டு என்ன பண்ண?" பிறகு, வேறு குரலில், "கால் நட்டாச்சுங்களா?"

"நேரத்துக்கு நட்டாச்சு."

"காஞ்சிருச்சா?"

ராசாமணி காற்றுக்கு எதிரே தலையைக் குனிந்து, தூணைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் சேலைத் தலைப்பு கிழக்கே பறந்துகொண்டிருந்தது. வாத்தியார் குழியைப் பார்த்தார்.

"காஞ்சிட்டிருக்கு மயிலா" என்றார்.

அங்கப்பன் முட்டுக் கம்பங்களோடு திரும்பி வந்தபோது தூண் இறுகியிருந்தது. ரசமட்டத்தை அவிழ்த்து வைத்துப் பார்த்தான், எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான், குமிழி நடுவில் இல்லை. யார் பிடித்திருந்தது என்று கேட்டான். நான்தான், வேறு யார் என்றார் வாத்தியார். ராசாமணி சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். உடைத்து எடுக்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். மற்ற ஐந்து கால்களும் மறுநாள் நட்டார்கள். தளம் ஆவணியில் போட்டார்கள், கிழக்கே ஒரு விரற்கடை வாட்டம் விட்டு. தகரம் ஏற்றியபோது கன்னி மூலையில் மட்டும் பொருந்தவில்லை. அந்த ஒரு தகரத்தை ஒரு விரற்கடை வெட்டிப் போட்டிருக்கிறார்கள்.